ஸ்கிரிப்ட் இன்ஜினுக்குள் மதிப்பும் ஸ்கோப்பும்: லுவாவைத் திறந்து பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அங்கே தராசோடு சேர்த்து வைக்க ஒரு சின்ன பில் மெஷின் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசிலிருந்து எடையை வாங்குவதும் பிரிண்டரை ஓட்டுவதும் சி மொழியில் இருக்கும். கிலோ விலை, கமிஷன், ஐஸ் கழிவு போன்றவை நாளுக்கு நாள் மாறும் கணக்கு. அவற்றுக்காக ஒவ்வொரு முறையும் சி நிரலைக் கம்பைல் செய்துகொண்டிருக்க முடியாது. எனவே அந்தக் கணக்கை ஸ்கிரிப்டில் எழுதி, அதை ஓட்டும் குட்டி இன்ஜினைச் சி நிரலுக்குள்ளேயே பொருத்துவார்கள்.

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் இன்ஜின்களில் ஒன்று லுவா. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்த்தோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரேடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவர் உருவாக்கியது. மொத்த மூல நிரலே ஏறக்குறைய 30,000 வரிகள்தான். பொறுமையுள்ள ஒருவர் முழுதும் படித்துவிடலாம். அதனால்தான் உள்ளே பார்க்கக் கற்றுக்கொள்ள இதைச் சொல்கிறோம்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டைப் என்பது மதிப்போடு ஒட்டிக்கொண்டு போகிறது, பெயரோடு இல்லை. லோக்கல் பெயரோ, ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்போது வெறும் எண்ணாகிவிட்டிருக்கும். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது கட்டளைச் சொற்களையும் மாறிப் பெயர்களையும் ரோமன் எழுத்தில் அடியுங்கள். வழக்கமான லுவா, மாறிப் பெயரில் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத் தவிர வேறெதையும் ஏற்காது. மேற்கோள் குறிக்குள் வரும் ஸ்ட்ரிங்கில் தமிழை அப்படியே எழுதலாம்.

முதல் படி: கையில் வேண்டியவை

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் ஆப்ட் மூலம் லுவா 5.4 பேக்கேஜைப் போடுங்கள். இரண்டு கருவிகள் கிடைக்கும். ஒன்று ஸ்கிரிப்டை ஓட்டும் லுவா. மற்றொன்று ஸ்கிரிப்டைக் கம்பைல் செய்து உள்கட்டளைகளைக் காட்டும் லுவாக். மூல நிரலையும் லுவாவின் தளத்திலிருந்து தனியாக இறக்கி வையுங்கள். அதில் எல்-ஆப்ஜெக்ட் என்ற தலைப்புக் கோப்பில் மதிப்புகளின் வடிவமும், எல்-பார்சர் கோப்பில் ஸ்கோப் (ஒரு பெயர் செல்லுபடியாகும் பகுதி) கணக்கும், எல்-ஃபங்க் கோப்பில் அப்வேல்யூவும் (உள்ஃபங்ஷன் பயன்படுத்தும் வெளிஃபங்ஷனின் மாறி) இருக்கின்றன. பதிப்பு எண்ணைக் கவனியுங்கள். இங்கே தரும் டேக் எண்கள் 5.4க்கு உரியவை. 5.3இல் சில எண்கள் இடம் மாறியிருக்கும்.

இரண்டாம் படி: ஒரு மதிப்பின் பெட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே துணி இருந்தாலும் இயந்திரம் இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்றுதான். என்ன சரக்கு என்பது வெளியே இருக்கும் தாளில்தான் தெரியும். லுவாவின் மதிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு மதிப்பும் ஒரே அளவுப் பெட்டி. சரக்கு வைக்க 8 பைட், சரக்கு என்ன என்று சொல்லும் டேக் 1 பைட்.

கூட்டினால் 9 பைட் வர வேண்டும். ஆனால் 64 பிட் கம்ப்யூட்டரில் 16 பைட் ஆகிறது. 8 பைட் சரக்கு 8இன் மடங்கான முகவரியில்தான் உட்கார வேண்டும் என்பதால், டேக்குக்குப் பின்னால் 7 பைட் காலியாக விடப்படுகிறது. 1,000 எடைகளை ஒரு டேபிளில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் பட்டியல்) வரிசையாக வைத்தால் மதிப்புகளுக்கு மட்டும் 16,000 பைட் போகும். கம்ப்யூட்டரில் இது ஒன்றுமில்லை. 64 கேபி ரேம் உள்ள போர்டில் கால்வாசி இதற்கே தீர்ந்துவிடும்.

8 பைட் சரக்கிடத்தில் எண் என்றால் எண்ணே நேராக உட்காரும். ஸ்ட்ரிங், டேபிள், ஃபங்ஷன் என்றால் அவை வேறோர் இடத்தில் இருக்கும், இங்கே அவற்றின் முகவரி மட்டும். எனவே ஒரு டேபிளை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் நகல் வராது. இரண்டும் ஒரே டேபிளைக் காட்டும். நேற்றைய விலைப்பட்டியலைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து இன்றைய பட்டியலையே இரண்டு பெயரில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நகல் வேண்டுமென்றால் ஒவ்வொரு உறுப்பாக எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: டேக் பைட்டைப் பிரித்துப் பார்ப்பது

டேக்கின் 8 பிட்டில் கீழ் 4 பிட் அடிப்படை டைப்: நில் (மதிப்பே இல்லை) 0, பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) 1, எண் 3, ஸ்ட்ரிங் 4, டேபிள் 5, ஃபங்ஷன் 6. அடுத்த 2 பிட் அந்த டைப்பின் உள்வகை. அதற்கு மேலுள்ள பிட், இனித் தேவைப்படாத மதிப்புகளை விடுவிக்கும் குப்பை அகற்றும் பகுதிக்கு இதைக் கவனிக்கும் வேலை உண்டா என்று சொல்கிறது. அதன் மதிப்பு 64.

இப்போது கணக்குப் போடுங்கள். ஃபால்ஸ் என்றால் 1, ட்ரூ என்றால் 1 + 16 = 17. இரண்டுக்கும் சரக்கிடம் தேவையே இல்லை, டேக்கே பதில். 12 என்ற முழு எண்ணின் டேக் 3. 12.0 என்ற ஃப்ளோட்டின் (புள்ளி வைத்த எண்) டேக் 3 + 16 = 19. குட்டி ஸ்ட்ரிங் 4 + 64 = 68, நீள ஸ்ட்ரிங் 4 + 16 + 64 = 84, டேபிள் 5 + 64 = 69.

இஃப் நிபந்தனையில் இன்ஜின் பார்ப்பது இந்த டேக்கை மட்டும்தான்: நில்லா, ஃபால்ஸா, அவ்வளவுதான். சரக்கு 0 என்றாலும், வெற்று ஸ்ட்ரிங் என்றாலும் அது உண்மை. சியிலிருந்து வருபவர்கள் எடை 0 என்றால் உள்ளே போகாது என்று நம்பி எழுதுகிறார்கள். உள்ளே போகும். எடை > 0 என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

3க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம்தான் பில்லில் அதிகம் தொல்லை தருவது. கிலோ 480 ரூபாய் வஞ்சிரம் 12 கிலோ. 12 * 480 முழு எண், 5760. இரண்டு பங்காளிகளுக்குப் பிரிக்க 5760 / 2 என்று போட்டால் பில்லில் 2880.0 என்று அச்சாகும். ஒற்றைச் சாய்கோடு எப்போதும் ஃப்ளோட் தரும், மீதியே வராவிட்டாலும்கூட. இரட்டைச் சாய்கோடு போட்டால் 2880 வரும், ஆனால் இரு பக்கமும் முழு எண்ணாக இருந்தால்தான். 5.5 // 1 என்பது 5.0தான். ஃபார்மட்டில் முழு எண் கேட்டு 2880.5ஐக் கொடுத்தால் 'நம்பர் ஹேஸ் நோ இன்டிஜர் ரெப்ரசென்டேஷன்' என்று பிழை வந்து நிற்கும்.

பணத்துக்கு எங்கள் யோசனை ஒன்றே: எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள். அச்சடிக்கும் நேரத்தில் மட்டும் ரூபாயாக்குங்கள். ஃப்ளோட்டில் 0.1 + 0.2ஐ அச்சடித்தால் 0.3 என்றே வரும், ஏனென்றால் லுவா 14 இலக்கம் வரைதான் காட்டுகிறது. ஆனால் அதை 0.3உடன் ஒப்பிட்டால் ஃபால்ஸ். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் பிழை எங்கே என்று மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக வருவது எண் அல்ல, எழுத்துகள். அந்த "12" ஸ்ட்ரிங். "12" + 1 போட்டால் லுவா தானாக மாற்றி 13 தரும். இந்தத் தாராளம்தான் ஆபத்து. "12" == 12 ஃபால்ஸ். "10" < "9" ட்ரூ, எழுத்து வரிசையில் 1 முதலில் வருவதால். டேபிளில் 1 என்ற சாவியும் 1.0 என்ற சாவியும் ஒன்றே, இன்ஜின் முழு எண்ணாக்கிவிடும். "1" வேறு சாவி. கேபிளிலிருந்து வரும் இடத்திலேயே டூநம்பர் கொண்டு மாற்றிவிடுங்கள், உள்ளே ஸ்ட்ரிங்கை விடாதீர்கள். டூநம்பர் நில் தந்தால் அந்த வரியை எண்ணாகப் படிக்க முடியவில்லை என்று பொருள். அந்த வரியை எறிந்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

நான்காம் படி: தமிழ் ஸ்ட்ரிங்குக்கு 40 பைட் எல்லை

40 பைட் வரையுள்ள ஸ்ட்ரிங்கை லுவா குட்டி ஸ்ட்ரிங்காக ஒரே ஒரு பிரதியில் வைத்திருக்கும். அதே எழுத்துகள் வேறெங்கு வந்தாலும் அதே பிரதியின் முகவரி. எனவே இரண்டு குட்டி ஸ்ட்ரிங் சமமா என்று பார்க்க முகவரியை ஒப்பிட்டால் போதும். 40க்கு மேல் போனால் தனித்தனிப் பிரதிகள், நீளம் ஒன்றானால் பைட் பைட்டாக ஒப்பீடு.

ஆங்கிலத்தில் 40 எழுத்து என்பது தாராளம். தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். புள்ளி ஒரு குறி, கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி. ஆக 13 குறிகளோடு எல்லை முடிந்தது. காசிமேடு 8 குறி, 24 பைட். வியாசர்பாடி 11 குறி, 33 பைட். வண்ணாரப்பேட்டை 14 குறி, 42 பைட், நீள ஸ்ட்ரிங். தண்டையார்பேட்டை 15 குறி, 45 பைட். கொருக்குப்பேட்டை 16 குறி, 48 பைட். கிளைப் பெயரைச் சாவியாக வைத்து மொத்தத் தொகை சேர்த்தால் விடை சரியாகவே வரும். ஆனால் வண்ணாரப்பேட்டை வரிசை வேறு வழியில், கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆயிரக்கணக்கான தடவை சுற்றும் இடத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் 1, 2, 3 என்ற எண்ணைச் சாவியாக்கி, பெயரை அச்சடிக்கும்போது மட்டும் எடுங்கள்.

நீளம் கேட்கும் # குறியும் பைட்டைத்தான் எண்ணும். "மணலி" என்பதற்கு 12 தரும். யூடிஎஃப்8 நூலகத்தின் லென் 4 தரும். நாம் படிக்கும் எழுத்தோ 3. பில்லில் பத்தி நேராக நிற்க # குறியை நம்பி இடைவெளி போட்டால் கோணலாகும்.

இதைவிடக் கெடுதல் ஒன்றுண்டு. 'திருவொற்றியூர்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதலாவது 42 பைட், இரண்டாவது 45. லுவாவுக்கு இவை இரண்டு வேறு சாவிகள், ஒரே கிளைக்கு இரண்டு மொத்தம் விழும். வெவ்வேறு கீபோர்டிலிருந்து பெயர் வந்தால் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பெயர் எங்கே போகிறது

இந்த மூன்று வரியை ஒரு கோப்பில் எழுதுங்கள்.

லோக்கல் எடை = 12
லோக்கல் விலை = 480
லோக்கல் தொகை = எடை * விலை

லுவாக் கருவியை மைனஸ் எல் கொடுத்து இதன்மேல் ஓட்டுங்கள். முதலில் ஒரு தொடக்கக் கட்டளை. பிறகு 12ஐ 0ஆம் ரிஜிஸ்டரில் (மதிப்பு வைக்க இன்ஜின் எண்ணிட்டு ஒதுக்கும் இடம்) ஏற்று, 480ஐ 1ஆம் ரிஜிஸ்டரில் ஏற்று, 0ஐயும் 1ஐயும் பெருக்கி 2இல் வை. பெருக்கலுக்கு அடுத்து ஒரு கூடுதல் கட்டளை இருக்கும், எண்ணல்லாத எதையாவது பெருக்கினால் உதவ. எடை, விலை, தொகை என்ற சொற்கள் கட்டளைகளில் எங்கும் இல்லை. பிழைச் செய்தியில் காட்டுவதற்காக மட்டும் அவை தனிப் பட்டியலில் கிடக்கின்றன. மைனஸ் எல் என்பதை இருமுறை கொடுத்தால் அதுவும் தெரியும், எந்தக் கட்டளை முதல் எந்தக் கட்டளை வரை அந்தப் பெயர் உயிரோடிருந்தது என்பதோடு.

ஸ்கோப் என்பது அவ்வளவுதான்: கம்பைலர் கையிலிருக்கும் ஒரு பட்டியல். பிளாக் திறந்தால் பெயர்கள் சேரும், எண்ட் வந்தால் நீங்கும், அந்த ரிஜிஸ்டர் அடுத்தவருக்குப் போகும். ஒரே பெயரை உள்பிளாக்கில் மறுபடி அறிவித்தால் அது வேறு ரிஜிஸ்டர், வெளியிலிருப்பது தொடப்படாது. ஒரு ஃபங்ஷனில் ஒரே சமயத்தில் 200 லோக்கல் வரைதான். தானாக உருவாக்கிய நீளமான ஸ்கிரிப்டுகள் இந்த எல்லையில் முட்டும். டூ, எண்ட் கொண்டு பிளாக்காகப் பிரித்தால் தீரும்.

எடை, விலை அறிவிப்பில், மதிப்பு மாறாது என்று சொல்லும் கான்ஸ்ட் என்ற 5.4 குறியைச் சேர்த்துவிட்டு மறுபடி லுவாக்கை ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு ரிஜிஸ்டரும் காணாமல் போய், 5760ஐ 0இல் ஏற்று என்ற ஒரே வரி நிற்கும்.

லோக்கல் என்று எழுத மறந்தால் கதை வேறு. பெயர் ரிஜிஸ்டராகாது, குளோபலாகி, சூழல் டேபிளில் ஒரு ஸ்ட்ரிங் சாவியாகும். 5.2 முதல் அந்த டேபிள் அடிக்கோடு-என்வ் என்ற மறைவான மாறி வழியாக வருகிறது. 'தொகை'யை ஓரிடத்தில் 'தோகை' என்று அடித்துவிட்டால் பிழையே வராது, நில் வரும், பத்து வரி தள்ளி வேறெங்கோ உடையும். வெளியிடும் முன் லுவாக் பட்டியலில் செட்-டேப்-அப் என்ற கட்டளையை கிரெப் என்ற தேடும் கருவியால் தேடுங்கள். எந்தெந்தக் குளோபலில் எழுதுகிறீர்கள் என்பது வரி எண்ணோடு கிடைக்கும். தெரியாத பெயர் அதில் இருந்தால் அதுதான் எழுத்துப் பிழை.

இன்னொரு பொறி. லோக்கல் மாறியின் ஸ்கோப், அந்த அறிவிப்பு வரி முடிந்த பிறகே தொடங்குகிறது. எனவே லோக்கல் கணக்கு = ஃபங்ஷன் என்று எழுதி உள்ளே கணக்கையே அழைத்தால், அது குளோபலைத் தேடி நில்லில் முட்டும். லோக்கல் ஃபங்ஷன் கணக்கு என்று எழுதினால் பெயர் முதலில் பதிவாகும், ஃபங்ஷன் தன்னையே அழைக்கலாம்.

ஆறாம் படி: அப்வேல்யூ, திறந்ததும் மூடியதும்

இங்கே நிதானமாகப் படியுங்கள். உள்ஃபங்ஷன் வெளிஃபங்ஷனின் லோக்கலைப் பயன்படுத்தலாம். வெளிஃபங்ஷன் முடிந்து, ரிஜிஸ்டர்கள் அடுக்கியிருக்கும் ஸ்டாக்கிலிருந்து அதன் ரிஜிஸ்டர்கள் போன பிறகும் உள்ஃபங்ஷன் உயிரோடு இருக்கலாம். அப்போது அந்த மதிப்பு எங்கே?

லோக்கல் பெட்டி = {}
லோக்கல் வரிசை = 1
வைல் வரிசை <= 3 டூ
பெட்டி[வரிசை] = ஃபங்ஷன்() ரிட்டர்ன் வரிசை எண்ட்
வரிசை = வரிசை + 1
எண்ட்

முதல் ஃபங்ஷன் உருவாகும்போது இன்ஜின் ஒரு அப்வேல்யூ பொருளைச் செய்கிறது. அதற்குள் மதிப்பு இல்லை. 1ஆம் ரிஜிஸ்டரின் முகவரி மட்டும் இருக்கிறது. இதுதான் திறந்த அப்வேல்யூ. இரண்டாம் ஃபங்ஷன் வரும்போது, இதே ரிஜிஸ்டருக்கு ஏற்கெனவே ஒன்று திறந்திருக்கிறதா என்று பட்டியலில் தேடி, அதையே கொடுக்கிறது. மூன்றாவதற்கும் அதே. எனவே மூன்று ஃபங்ஷனில் எதை அழைத்தாலும் 4 வரும். மூன்றும் ஒரே ரிஜிஸ்டரைப் பார்க்கின்றன.

அந்த மாறியின் பிளாக் முடியும்போது இன்ஜின் ரிஜிஸ்டரிலுள்ள மதிப்பை அப்வேல்யூ பொருளுக்குள் நகலெடுத்து, அதன் முகவரியைத் தன்னையே காட்டும்படி திருப்பிவிடுகிறது. அப்வேல்யூ மூடியது. அதன்பின் ஸ்டாக்கில் என்ன நடந்தாலும் கவலையில்லை. இது அழகான ஏற்பாடு: ஃபங்ஷனுக்கு மூடியதா திறந்ததா என்று தெரிய வேண்டியதில்லை, முகவரியைப் பின்பற்றினால் போதும்.

மேலே உள்ள வைல் வரியை ஃபார் வரிசை = 1, 3 டூ என்று மாற்றி, வரிசை = வரிசை + 1 என்ற வரியை எடுத்துவிடுங்கள். இப்போது 1, 2, 3 என்று தனித்தனியாக வரும். ஃபார் சுற்றின் மாறி உடலின் பிளாக்குக்குள் சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது மூடப்படும், அடுத்த சுற்றுக்குப் புதியது. வைல் சுற்றிலேயே இருக்க வேண்டுமென்றால், உடலின் முதல் வரியாக லோக்கல் என் = வரிசை என்று போட்டு, ஃபங்ஷனில் 'என்' என்ற அந்த மாறியைப் பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: சி பக்கத்திலிருந்து தொடும்போது

சி நிரல் லுவா மதிப்புகளை ஸ்டாக் வழியாகவே பார்க்கும். கீழிருந்து 1, 2, 3, மேலிருந்து -1, -2. உங்கள் சி ஃபங்ஷனுக்கு வந்த ஆர்க்யுமென்ட்டுகளுக்கு மேல் 20 இடம் உறுதி. அதற்கு மேல் அடுக்குவதென்றால் செக்ஸ்டாக் அழையுங்கள். அழைக்காவிட்டால் அன்றே உடையாது, வாடிக்கையாளரிடம் போன பிறகு உடையும்.

இஸ்நம்பர் என்ற சோதனை "12" என்ற ஸ்ட்ரிங்குக்கும் ஆம் என்று சொல்லும், எண்ணாக்க முடியும் என்பதால். டேக்கிலுள்ள அடிப்படை டைப்பைத் தெரிந்துகொள்ள டைப் ஃபங்ஷனைக் கேளுங்கள். டூஸ்ட்ரிங் எண்ணைப் படிக்கும்போது ஸ்டாக்கில் அதே இடத்தில் அதை ஸ்ட்ரிங்காக மாற்றிவிடும். டேபிளை நெக்ஸ்ட் மூலம் சுற்றும்போது சாவியின்மேல் இதைப் பயன்படுத்தினால், அடுத்த சுற்றில் 1க்குப் பதில் "1"ஐத் தேடிக் குழம்பும். சாவியை நகலெடுத்து மேலே தள்ளி, நகலின்மேல் பயன்படுத்துங்கள். டூஸ்ட்ரிங் தந்த சுட்டியை, அந்த ஸ்ட்ரிங்கை ஸ்டாக்கிலிருந்து எடுத்த பிறகும் வைத்திருக்காதீர்கள். குப்பை அகற்றும் பகுதி எப்போது வேண்டுமானாலும் அதை விடுவிக்கலாம்.

சின்ன போர்டுக்குப் போகும்போது

16 பைட் பெட்டி பெரிதென்று நினைத்தவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். 64 பிட் ஃப்ளோட்டில் 1 பிட் குறி, 11 பிட் அடுக்கு, 52 பிட் பின்னம். அடுக்கின் 11 பிட்டும் 1ஆகி, பின்னம் 0 அல்லாமல் இருந்தால் அது எண்ணே இல்லை என்று பொருள். அத்தகைய வடிவங்கள் கோடிக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. அவற்றுக்குள் டேக்கையும் முகவரியையும் திணித்தால் 8 பைட்டில் முடிந்துவிடும். லுவாவுக்கான இன்னொரு இன்ஜினான லுவாஜிட் இப்படித்தான் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்களான குவிக்ஜேஎஸ், டக்டேப் இரண்டும் 32 பிட் போர்டில் இப்படியும், 64 பிட்டில் 16 பைட்டாகவும் வைக்கின்றன. கூகுளின் வி8 கடைசிப் பிட்டைப் பார்க்கிறது: 0 என்றால் சின்ன முழு எண், 1 என்றால் முகவரி.

லுவாவிலேயே 32 பிட் என்ற கம்பைல் விருப்பம் உண்டு. முழு எண்ணும் ஃப்ளோட்டும் 4 பைட்டாகி, 32 பிட் போர்டில் பெட்டி 8 பைட்டுக்கு வந்துவிடும். ரேம் பாதி மிச்சம். விலை இதுதான்: முழு எண் 2147483647 வரைதான், பைசாவில் அது ₹2,14,74,836.47. தாண்டினால் பிழை வராது, எண் குறைப் பக்கத்துக்குச் சுற்றிவிடும். ஃப்ளோட்டோ 16777216 வரைதான் ஒவ்வொரு எண்ணையும் பிசகாமல் வைக்கும், பைசாவில் ₹1,67,772.16. நல்ல ஏல நாளில் ஒரு விசைப்படகின் தொகைகூட இதைத் தாண்டலாம்.

ரிச்சி தெருவில் வாங்கி வந்த போர்டில் எந்த லுவா ஏற்றப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லையா? 16777216.0 + 1 == 16777216.0 என்று கேட்டு அச்சடியுங்கள். ட்ரூ வந்தால் அது 32 பிட் லுவா. அன்றைய மொத்தத்தை ரூபாய் ஒரு மாறி, பைசா ஒரு மாறி என்று இரண்டு முழு எண்ணாகப் பிரித்து வையுங்கள்.